அப்பா அன்னத்தாயாக நடித்த வருடம்

எங்கள் அப்பா மீசையை எடுத்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். சேரங்கோட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் மாரியம்மன் திருவிழா. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம். அந்தத் திருவிழா நாடகத்தில் அவர் அன்னத்தாய் என்கிற உத்தமப் பெண்ணாக நடித்தார். மீசை போன முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அவர் திருதிருவென்று முழித்தபோது எனக்கு எட்டு வயது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரிக்காதே என்று அம்மா கண்ணைக் காட்டினாள். காட்டிவிட்டு, அவள் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தாள்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் கொழுந்துக்கு விலை இல்லை என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தேவாலா பக்கம் சொந்தமாகத் தேயிலை வைத்திருந்தவர்கள், பறிக்கிற கூலிக்கே கட்டுபடியாகவில்லை என்று செடியைக் காடாக வளரவிட்டிருந்தார்கள். எங்களுடையது அரசாங்க எஸ்டேட் என்பதால் இழுத்து மூடவில்லை. ஆனால் பேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடாது. அங்கே ரோலர் மிஷினில் வேலை செய்த அப்பா பாதி நாள் வீட்டில் இருந்தார். அம்மா கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கும் வேலை நாள் குறைந்தது. ஆனால் வேலை குறையவில்லை. மலைக்குப் போகாத நாளில் விறகுக்குப் போனாள், விறகுக்குப் போகாத நாளில் துணி துவைத்தாள். ஆண்கள் கோயில் மேட்டில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி அரசாங்கத்தைத் திட்டினார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், இருந்த எல்லோருமே சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. நடுவில் ஒரு கப்பல். அவ்வளவுதான் எங்கள் குடும்பச் சரித்திரம். வருடா வருடம் திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு நாடகக் குழு வரும். அந்த வருடம் வரி வசூலிக்க யாருக்கும் வாய் வரவில்லை. நாடகம் இல்லாமல் திருவிழாவா என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தபோது, அப்பாவின் அண்ணனான எங்கள் பெரியப்பா எழுந்து, நாமே போடுவோம் என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சிலோனில் இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து நாடகங்களில் நடித்தவர். கப்பல் ஏறும்போது மற்றவர்கள் பாத்திரம் பண்டம் கொண்டுவந்தார்கள், அவர் ஒரு நாடகத்தைக் கொண்டுவந்தார். அதன் பெயர் ‘அன்னத்தாயின் பொறுமை’.

கதை இதுதான். அன்னத்தாயின் புருஷன் குடிகாரன். அடிப்பான், உதைப்பான், தாலியைத் தவிர எல்லாவற்றையும் விற்றுக் குடிப்பான். அன்னத்தாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாள். கடைசியில் தன் ஒரே மகளையும் பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாக அனுப்புவதாக அவன் வாக்குக் கொடுத்துவிட்டு வருவான். அதற்கும் அன்னத்தாய் தலை வணங்குவாள். பிறகு அவனுக்குக் கண் போய்விடும், அன்னத்தாய் அம்மனிடம் அழுது பாடுவாள், கண் திரும்ப வரும், அவன் திருந்துவான். பெண்கள் எல்லோரும் மூக்கைச் சிந்துவார்கள். ஆண்கள் எல்லோரும், பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். பெரியப்பாவின் கணக்கில் அது வெற்றி தவறாத நாடகம்.

பெண்கள் மேடை ஏறும் வழக்கம் எங்களிடம் கிடையாது. அடிபடுகிற பெண்ணாக நடிப்பதற்கும் ஆண்தான் வேண்டும். அப்பாவுக்கு ஒடிசலான உடம்பு, நல்ல குரல். அதனால் அவர்தான் அன்னத்தாய். குடிகாரப் புருஷனாக அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. மாமா சொட்டுக்கூடக் குடித்ததில்லை, அத்தை செருமினாலே எழுந்து நின்றுவிடுவார். குரல் மட்டும் இடி மாதிரி இருந்ததால் அவருக்கு அந்த வேஷம் கிடைத்தது. மகள் வேஷத்துக்கு நான். எட்டு வயதுப் பெண் மேடையேறினால் தோஷமில்லை என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

பெரியப்பா ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார். வேஷம் கட்டுகிறவர்கள் எல்லோரும் அம்மன் முன்னால் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். திருவிழா முடிந்து மஞ்சள் நீராடுகிற வரை அதை அவிழ்க்கக் கூடாது. காப்புக் கட்டியவன் கவிச்சி சாப்பிடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, சொன்ன வார்த்தை மாறக் கூடாது. சிலோனில் காப்போடு பொய் சொன்ன ஒருவனுக்கு வாய் கோணிப்போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறாராம். அன்றிலிருந்து மாமா பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

எங்கள் அப்பா குடிகாரர் இல்லை. அம்மா மேல் கை நீட்டியதும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் பெண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது என்று எல்லோரும் நம்பினார்கள், அப்பா உட்பட. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. எது முடிவானாலும் அப்பா அதை வெளியிலேயே முடிவு செய்துவிட்டு வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தச் சட்டையைப் பார்த்துச் செய்தியைச் சொல்லுவார். அம்மா, சரிங்க என்பாள்.

அப்படித்தான் அக்காவின் விஷயமும் வந்தது. அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். நர்சாக வேண்டும் என்பது அவள் ஆசை; பிளஸ் டூ படித்தால்தான் அது நடக்கும். அந்தச் சமயத்தில்தான் கீழே நூல் மில்லுக்குப் பெண்களைச் சேர்க்கும் ஒருவர் எஸ்டேட் எஸ்டேட்டாக வந்துகொண்டிருந்தார். மூன்று வருடம் மில்லிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும், முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம். பேக்டரி ஓடாத ஒரு நாளில் டீக்கடையில் அவருடைய பேச்சைக் கேட்ட அப்பா, அக்காவை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். திருவிழாவுக்கு மறுநாள் காலையில் வேன் வரும். சட்டை ஆணியில் ஏறியது.

அந்த ஒரு முறை மட்டும் அம்மா உடனே சரி சொல்லவில்லை.

“இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டுமேங்க” என்றாள்.

“வாக்குக் குடுத்துட்டேன் புள்ள” என்றார் அப்பா.

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அக்கா விறகு அடுக்கிய மூலையில் முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அக்கா மேல் பொறாமையாக இருந்தது. வேனில் ஏறிக் கூடலூர் தாண்டிப் போவதற்கு யாராவது அழுவார்களா என்று நினைத்தேன். அம்மாவும் எட்டாவது வரை படித்தவள்தான். கப்பலில் வந்து இறங்கிய வருடம் பள்ளிக்கூடம் நின்று, முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மடித்த பேப்பர் எது வந்தாலும் பிரித்து இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் அடுப்புக்குப் போடுவாள்.

அப்பாவுக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து தெரியும். ஆகவே வசனம் சொல்லிக்கொடுக்கிற வேலை அம்மாவுக்கு வந்தது. ஒரு கையில் நாடக நோட்டும் மறு கையில் அகப்பையுமாக அவள் ஒரு வரி படிப்பாள், அப்பா அதைத் திரும்பச் சொல்லுவார். குரல் சரியில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்லுவாள். அவர் மறுபேச்சில்லாமல் சொல்லுவார். எங்கள் வீட்டில் அதுவரை நடந்ததற்கு இது நேர் எதிர் என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தப் பாடத்தில் அப்பாவும் என்னைப் போல மண்டு என்பதுதான்.

ஒத்திகை பிரட்டுக்களத்தில் நடந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். முதல் காட்சியில் அன்னத்தாய் விடியற்காலையில் எழுந்து, விளக்கேற்றி, முழுப் பாட்டு ஒன்று பாடி, புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அப்பா அதை உருகி உருகிச் செய்துகொண்டிருந்தபோது, கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள். பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்ததும் எங்கள் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“இவ இங்க பாடிக்கிட்டே இருந்தா பைப்புல தண்ணி நின்னுபோகுமே. யாரு புடிப்பா, சாமியா?”

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒத்திகை நின்றுபோனது. பெரியப்பாவுக்குக் கோபம். சரி, நீங்களே சொல்லுங்கள், அன்னத்தாய் என்ன செய்வாள் என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஈர விறகை ஊதுவதில் தொடங்கி, தண்ணீர், சோறு, புருஷனுக்குத் தனியாகத் தேத்தண்ணி, கைக்குழந்தையை எஸ்டேட் ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடுவது வரை அது முடியவே இல்லை. பிரட்டுக்கு முன்னால் ஒரு பெண் செய்கிற வேலைகளை வரிசையாகச் செய்து காட்ட அந்த எஸ்டேட்டில் ஒரு ஆணுக்கும் தெரிந்திருக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வேஷத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை. மறுநாள் அம்மா எழுந்தபோது அவரும் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவள் பின்னாலேயே போனார். அவள் குனிந்தால் குனிந்து பார்த்தார், ஊதினால் உட்கார்ந்து பார்த்தார். காலில் இடறுகிற பூனையைச் சகிக்கிற மாதிரி அம்மா கொஞ்ச நேரம் சகித்தாள். பிறகு, பார்ப்பதென்றால் இந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டே பாருங்கள் என்று கொடுத்துவிட்டாள். அப்பா தூக்கினார். ஒத்திகை நடந்த அத்தனை நாளும் தூக்கினார். நடிப்புக்காக என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். குழாயடியில் மற்ற ஆண்கள் கேலி செய்தபோது, அன்னத்தாயின் நடையிலேயே கழுத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தார். பாட்டு பாதியாகக் குறைந்தது. மேடையில் தூக்குகிற கூடையிலும் வைக்கோல் கூடாது, நிஜக் கொழுந்துதான் வேண்டும் என்று பெண்கள் சாதித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். திரைக்குப் பின்னால் இருந்து வசனம் எடுத்துக்கொடுக்க ஒரு பையன் இருந்தான். எஸ்டேட்டில் வேலை இல்லை என்று அவன் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். நன்றாகப் படிக்கத் தெரிந்த, நாடகம் முழுக்கத் தெரிந்த ஆள் வேறு யார் என்று பார்த்தால், எங்கள் அம்மா. பெண்பிள்ளை எப்படி மேடையில் என்று சிலர் இழுத்தார்கள். பெரியப்பா நாடி தடவி யோசித்தார். மேடை என்பது திரைக்கு முன்னால் இருப்பது. பின்னால் இருப்பது மேடை இல்லை. அங்கே யார் இருந்தாலும் கணக்கில் வராது என்று சொல்லி முடித்தார். அம்மா, சரிங்க என்றாள். எடுத்துக்கொடுக்கிறவரும் வேஷக்காரர்தான் என்று சொல்லி, அவள் கையிலும் ஒரு காப்பைக் கட்டிவிட்டார்.

திருவிழா அன்று காலையில்தான் அப்பா மீசையை எடுத்தார். வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகத்தில் நுரையோடு, வசனத்தையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது மகளை அனுப்பச் சம்மதிக்கிற காட்சி. கைதட்டல் வாங்கப்போகிற இடம் அதுதான் என்று பெரியப்பா அவரிடம் சொல்லி வைத்திருந்தார். “தங்கள் சொல்லுக்கு மறுசொல் உண்டோ சுவாமி? என் மகளை அழைத்துச் செல்லுங்கள்.” அழுதுகொண்டு ஒரு தரம், கண்ணீரை அடக்கிக்கொண்டு ஒரு தரம், வானத்தைப் பார்த்து ஒரு தரம் சொன்னார். அக்கா அந்தப் பக்கம் துணிப்பையில் தன் பாவாடை தாவணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தரம் சொன்னபோது அப்பா நிறுத்தி, கத்தியைத் துடைத்தார். வெட்டிக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்து நான் பஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். ரத்தம் எதுவும் இல்லை.

நாடகம் மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் யானை இறங்கும். அதனால் எங்கள் நாடகத்தில் பேய் வந்தாலும் வெயிலில்தான் வந்தாக வேண்டும். தார்ப்பாயில் பந்தல், கறுப்புப் படுதாவில் திரை. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பீல்டு ஆபீசரையும், பக்கத்தில் மில்காரரையும் உட்கார வைத்திருந்தார்கள். மறுநாள் காலை வேனோடு கிளம்புவதற்காக அவர் முந்தின நாளே வந்துவிட்டிருந்தார். இடது பக்கம் முழுக்கப் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அத்தையின் பக்கத்தில் இருந்தாள்.

அம்மாவின் நீலப் புடவையிலும் அத்தையின் ரவிக்கையிலும் அப்பா நிஜமாகவே அழகாக இருந்தார். அவர் நிஜக் கூடையோடு மேடையைச் சுற்றி வந்தபோது பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. கூடையின் கயிறு நெற்றியில் அழுந்தி, பொட்டு கலைந்து, வேர்வை வழிந்தது. மாமா குடித்துவிட்டு வந்து எட்டி உதைத்தார். உதைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல், பட்டுடுச்சா மச்சான் என்று கேட்டார்.

அழவேண்டிய காட்சிக்கு முன்னால் கண்ணுக்குக் கீழே தைலம் தடவுவது பெரியப்பாவின் ஏற்பாடு. யூகலிப்டஸ் தைலத்துக்கு எங்கள் மலையில் பஞ்சமா? எனக்கு ஒரு விரல் தடவிவிட்டுப் போனார். நன்றாக அழ வேண்டுமே என்று நான் என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டேன். மேடையில் போய் நின்றதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. திரையின் துணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றேன். என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, துணிக்கு அந்தப் பக்கம் அம்மா.

மாமா இடி முழக்கினார். “அன்னம்! நம் மகளைப் பட்டணத்துக்கு வேலைக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். வண்டி வாசலில் நிற்கிறது. என்ன சொல்கிறாய்?”

அடுத்தது அப்பாவின் வசனம். அது வரவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் கேட்கிற குரல்.

“முடியாது சுவாமி. என் மகள் எங்கும் போகமாட்டாள். அவள் படிப்பாள்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா தப்பாக எடுத்துக்கொடுக்கிறாள். பக்கத்தைத் தள்ளிப் புரட்டிவிட்டாள். அப்பா என்ன செய்வார், பாவம், எடுத்துக்கொடுப்பதைத்தானே சொல்லுவார்? அவரை எச்சரிக்க வேண்டும் என்று கையை நீட்டினேன், புடவைதான் கையில் பட்டது. அப்பா அசையாமல் நின்றார். அம்மா அதையே இன்னொரு முறை சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

பிறகு அப்பாவின் குரல் எழுந்தது. கைதட்டலுக்காக வைத்திருந்த குரல். “முடியாது சுவாமி! என் மகள் எங்கும் போகமாட்டாள். அவள் படிப்பாள்!”

மாமாவுக்கு நாடகம் என்பது ஒன்றன்பின் ஒன்றாக மனப்பாடம் செய்த வரிகள். முந்தின ஆள் என்ன சொன்னாலும் அவருடைய அடுத்த வரி மாறாது. அவர் இரண்டு கையையும் விரித்து, தொண்டை தழுதழுக்க, உள்ளதை உள்ளபடி சொன்னார். “பெண்குலத்தின் பெருமையே! உன்னைப் போல் ஒரு மனைவி வாய்க்க நான் என்ன தவம் செய்தேனோ!”

பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. அம்மனைத் தூக்கும்போது மட்டும் போடுகிற குலவை. ஒருத்தி தொடங்கி, இன்னொருத்தி சேர்ந்து, பந்தலே அதிர்ந்தது. சிரிப்பும் அழுகையும் கைதட்டலும் கலந்து கேட்டன. ஆண்கள் பக்கமும் யாரோ விசில் அடித்தார்கள். மில்காரரும் நாடகம் நன்றாக இருக்கிறதென்று பலமாகக் கைதட்டினாராம். அதை அத்தை பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புருஷனுக்குக் கண் போவது, அம்மன் தருவது எல்லாம் பாக்கி இருந்தது. ஆனால் குலவை விழுந்த பிறகு நாடகத்தை நடத்தக் கூடாது என்று பெரியப்பா நேராக மங்களம் பாடிவிட்டார். யானை வருவதற்கு முன்னால் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தோம்.

எனக்கு அவமானமாக இருந்தது. முழு நாடகமும் கெட்டுப்போனது அம்மாவால். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுப்படியில் அவள் தனியாக இருந்தபோது போய், நீ தப்பாக எடுத்துக்கொடுத்தது எனக்குக் கேட்டது, ஆனால் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று காதில் சொன்னேன். அம்மா என் எரிந்த கண்களை முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டாள். “சொல்லாதடி, தங்கம்” என்றாள். தவறு செய்தவளுக்கு உண்டான வருத்தம் அவள் முகத்தில் இல்லாததை நான் கவனித்தேன். பெரியவர்களுக்கு வெட்கம் கிடையாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் வேன் வந்து லயத்து முனையில் நின்றது. அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மில்காரர் வந்ததும் அம்மா அவருக்குச் சர்க்கரை தூக்கலாகத் தேத்தண்ணி கொடுத்தாள். அப்பா மீசையில்லாத முகத்தோடு வெளியே வந்து, அக்காவின் மடியிலிருந்து பையை எடுத்து வீட்டுக்குள்ளே வைத்தார். பிறகு, பிள்ளையை அனுப்பமுடியாது, நேற்றே எல்லார் முன்னாலும் சொல்லியாகிவிட்டது என்றார். சட்டையைப் பார்த்துச் சொல்லவில்லை. மில்காரரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“ஏனுங்க, அது நேத்து நாடகத்துல பேசினதுங்க. அதெல்லாம் வாக்குங்களா? எனக்கு நீங்க குடுத்ததுதானுங்க வாக்கு” என்றார் அவர்.

அப்பா கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். “உங்களுக்குக் குடுத்தது டீக்கடையில குடுத்ததுங்க. இது காப்புக் கட்டிக்கிட்டு அம்மன் முன்னாடி சொன்னது. எஸ்டேட்டே கேட்டுருச்சி. பொம்பள வேசத்துல சொன்னாலும் வாக்கு வாக்குதாங்க.”

மில்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா, வாய் கோணிப்போகும் என்று மட்டும் சொன்னார். எங்கள் லயத்திலிருந்து போக வேண்டியிருந்த இன்னொரு பெண்ணின் அம்மாவும், எங்கள் வீட்டிலும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எஸ்டேட்டின் மேல் டிவிஷனிலிருந்து ஒருத்தி மட்டும் வேனில் ஏறினாள். அவளுக்காக ஒருவரும் நாடகத்தில் பேசவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது.

அக்கா அடுத்த மாதம் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். தேயிலை விலை ஏறாமல் எங்களைப் படாத பாடு படுத்தியது. கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியுமாகக் காலம் போனது. அவள் இப்போது குன்னூரில் நர்ஸ். அப்பாவுக்கு மீசை முளைக்க வாரக்கணக்கில் ஆனது. முளைத்த பிறகும் காலையில் குடம் தூக்குவதை அவர் நிறுத்தவில்லை. அடுத்த நாடகத்துக்குப் பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டார். எஸ்டேட்டில் அடுத்த நாடகம் நடக்கவே இல்லை.

அம்மா பக்கத்தைத் தள்ளிப் புரட்டவில்லை என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆனது. நாடகத்து மகள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அவள் படிப்பாள் என்று ஒரு வரி அதில் எந்தப் பக்கத்திலும் இருந்திருக்க முடியாது. சுவாமி என்று முடிகிற அந்த நாடகத் தமிழில், இரண்டு முறையும் ஒரு எழுத்து மாறாமல், தவறுதலாக யாருக்கும் வசனம் வராது. கூடையோடும் குடத்தோடும் போகும்போது அவள் அதை எத்தனை நாள் மனசுக்குள் கட்டினாளோ. புரிந்த அன்று அம்மாவை நினைத்துப் பெருமையில் அழுதேன். அப்பாவை அவள் கெட்டிக்காரத்தனமாக மடக்கிவிட்டாள், அவரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டார் என்று அதற்குப் பிறகும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு காலையில் அப்பா வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். மீசை இப்போது முழுக்க வெள்ளை. பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு அந்தத் திருவிழாக் காலை அப்படியே திரும்ப வந்தது. நுரையோடு நின்று, மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, பாதியில் நிறுத்திக் கத்தியைத் துடைத்தாரே. அந்த நாடகம் முழுவதிலும் யாரும் எடுத்துக்கொடுக்கத் தேவையில்லாமல் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, மேடையில் வராமல் போன அந்த ஒரு வசனம்தான்.